அளந்து போட்ட சோறு

"இன்னும் ரெண்டு கரண்டி போட்டா உன் வீட்டுச் சொத்து குறைஞ்சா போயிடும்?"

அக்கா வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் குரல் சமையலறைக்குப் போய்விட்டது. தையல்கடை வைத்திருப்பவள். கத்தரிக்கோலும் வாயும் ஒரே வேகம். தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவைப் பார்க்க ஆசையாக வந்தால், இங்கே இப்படி ஒரு கூத்து!

அம்மாவின் சாப்பாட்டுத் தட்டு ஒரு குட்டித் தராசின் மேல் இருந்தது. தம்பி மனைவி ஒரு கரண்டி சோறு வைத்தாள். தராசு காட்டிய எண்ணைப் பார்த்தாள். அதில் பாதியைத் திரும்ப எடுத்துவிட்டுப் போனில் ஏதோ தட்டினாள்.

"மத்தியானத்துக்கு நானூறு கலோரி அண்ணி. மீனோட சேர்த்தா சரியா வரும்."

"எங்கம்மா வயித்துக்குக் கணக்குப் போட நீ யாரு?"

"மூணு மாசத்துக்கு முன்னாடி டாக்டர் சொன்னாராம் அண்ணி. அத்தையே வந்து சொன்னாங்க. எடை குறையலைன்னா மூட்டு தாங்காதாம். சாப்பாட்டுல சொன்ன பேச்சு கேக்கறாங்க. எடை பார்க்கிற மெஷின்ல ஏறச் சொன்னா மட்டும் குழந்தை மாதிரி அடம்."

அம்மா தட்டை வாங்கிக்கொண்டாள். தம்பி மனைவி தனக்கும் அதே அளவு நிறுத்து எடுத்து, எதிரில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அக்கா அவளைச் சரியாகக் கவனித்தாள். தான் தைத்துக் கொடுத்த சட்டைதான். இப்போது தோளிலிருந்து தொங்குகிறது. பக்கத்துக்கு இரண்டு அங்குலம் தாராளமாகப் பிடிக்கலாம்.

ஓகோ, சங்கதி இதுதானா! இவள் இளைத்து அழகாக வேண்டும். துணைக்கு என் அம்மா பட்டினி கிடக்க வேண்டும். அதற்கு டாக்டர் பேரில் பழி.

அக்கா வாங்கி வந்த கேக்கும் தராசில் ஏறியது. அம்மாவுக்கு ஒரு விரல் அகலத் துண்டு கிடைத்தது.

"ராத்திரி சூப்புல கழிச்சுக்கலாம் அத்தை" என்றாள் தம்பி மனைவி.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவின் கையைப் பிடித்து உள் அறைக்கு இழுத்துப் போனாள்.

"கிளம்பும்மா. துணியை எடுத்துப் பையில வை."

"எங்கேடி?"

"என் வீட்டுக்கு. அங்க இஞ்ச் டேப்தான் இருக்கு, தராசு கிடையாது. வயிறு நிறையச் சாப்பிடு."

"கத்தாதே. அவ காதுல விழுந்துடப் போகுது."

"விழட்டும்! ஊர்ல கேட்டாக் காறித் துப்புவாங்க. தம்பி வரட்டும், இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்." பையிலிருந்து ஒரு புதுக் கவுனை உருவினாள். "உன் பழைய அளவுக்குத் தைச்சது. போட்டுக்கோ. தொளதொளன்னு தொங்கும். அவனைக் கூப்பிட்டுக் காட்டறேன், பெத்தவளை எப்படி வச்சிருக்கான்னு."

"இப்ப எதுக்கு? அப்புறம் போட்டுக்கறேன்."

"இப்பவே போடு."

போட்டாள். கவுன் தொங்கவில்லை. இடுப்பில் பிடித்தது. கொக்கி மாட்ட அம்மா மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

அக்கா டேப் வைத்துப் பார்த்தாள். நம்பாமல் மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

"என்னம்மா இது? மாசக்கணக்காப் பட்டினி. ஒரு அங்குலம் ஏறியிருக்கே!"

அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் கைவிட்டு ஒரு டப்பாவை எடுத்தாள். உள்ளே பிஸ்கட், பாதாம், வறுத்த கடலை.

"உன் தம்பிதான் வாங்கித் தர்றான்" என்று ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டாள். "நான் எங்கடி பட்டினி கிடந்தேன்?"

அக்கா டேப்பை வீசி எறிந்தாள்.

"அடப்பாவிகளா! அம்மாவும் பிள்ளையுமா சேர்ந்தா இந்தத் திருட்டுத்தனம்? பாவம் அந்தப் பொண்ணு! உனக்காகப் பார்த்துப் பார்த்து நிறுத்துப் போட்டு, உனக்குத் துணையாத் தானும் அரை வயிறு சாப்பிடறா. நீ இங்க டப்பாவைக் காலி பண்றியா? உன் மூட்டு என்னத்துக்கு ஆகும்?"

சற்று முன்பு பையைக் கட்டச் சொன்ன அதே வாய்தான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கூடவே ஒரு பாட்டின் முணுமுணுப்பும்.

"கேட்டியா? முன்னெல்லாம் படியேறி வந்தாலே மூச்சு வாங்குவா. இப்ப வேலை பார்த்துக்கிட்டே பாடறா."

"பேச்சை மாத்தாதே. டாக்டர் சொன்னது என்ன ஆச்சு?"

"என் மூட்டுக்கு ஒண்ணும் இல்லடி. டாக்டர் இளைக்கச் சொன்னது அவளை." அம்மாவின் குரல் இறங்கியது. "சர்க்கரை கன்னாபின்னான்னு ஏறிப்போச்சு. இதே வயசுல, இதே வியாதியிலதான் அவளைப் பெத்தவ போய்ச் சேர்ந்தா. எனக்கு ராத்திரி தூக்கமே வரலை. அவளும் எத்தனையோ தடவை ஆரம்பிச்சா, ஆரம்பிச்ச வேகத்துல விட்டா. அதான் டாக்டர் என்னை இளைக்கச் சொன்னதா ஒரு பொய் சொன்னேன். போன வாரம் அவளுக்கு டெஸ்ட் பண்ணினோம், நல்லா இறங்கியிருக்கு."

"இதை அவகிட்டயே நேராச் சொல்லியிருக்கலாமேம்மா?"

அம்மா டப்பாவை மூடிப் போர்வைக்கு அடியில் தள்ளினாள்.

"தனக்குன்னா நாலு நாள்ல விட்டுடுவாடி அவ. எனக்குன்னா விடவே மாட்டா."