வாரம் ஒரு மாத்திரை

"புதுசா ஏதோ மாத்திரை வந்துகீதாமே டாக்டர், அத்த எழுதிக் குடுங்க. சட்டுனு கொணமாவணும்."

உத்திரமேரூரில் தன் கிளினிக்குக்கு வந்திருந்த கல்பனாவைப் பார்த்துச் சிரித்தாள் டாக்டர் தேஜஸ்வினி.

"அது வெளிநாட்டுல வந்திருக்கு. பிள்ளை பெத்துக்கிற வயசுல இருக்கிறவங்களுக்குக் கொடுக்கிறதில்ல. உனக்குத்தான் இந்த மாத்திரையே கேட்டுடுச்சே! அரிப்பு, வெள்ளைப்படுதல் எதுவும் இல்லைதானே?"

"ஒண்ணுமில்ல."

"திரும்பத் திரும்ப வந்ததாலதான் வாரம் ஒண்ணுன்னு ஆறு மாசம் போடச் சொன்னேன். பாதி தாண்டியாச்சு. நடுவுல விட்டா மறுபடி வந்து உட்கார்ந்துக்கும்."

கல்பனாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னும் பாதி கீதா? அதுக்குள்ள எம் புருஷன் என்னை வுட்டுட்டுப் பூடுவாரு டாக்டர்."

"யாரு, வேதகிரியா?"

"மாத்திரை ஆரம்பிச்சதுலேந்து வூட்டுக்குள்ள படுக்கறதில்ல. வாசல்ல ஆட்டோவுலயே காலை மடக்கிக்கினு தூங்கறாரு. இன்னான்னு கேட்டா, காத்து வருதுன்றாரு. கொசுதான் வருது! என்னைப் பாத்தா அருவருப்பா கீது போல."

கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் புரண்டு படுப்பதைக் கேட்டபடியே விழித்துக் கிடந்த ஏக்கமெல்லாம் அவள் குரலில் இருந்தது.

"அருவருப்புக்கு இதுல என்ன இருக்கு? தப்பு தண்டாவால வர்ற நோயா இது? எல்லார் உடம்புலயும் இருக்கிற பூஞ்சைதான், உனக்குக் கொஞ்சம் ஆட்டம் போட்டுடுச்சு. அந்த மகராசனை உள்ளே கூப்பிடு."

வெளியே ஆட்டோவில் காத்திருந்த வேதகிரி, காக்கிச் சட்டைப் பொத்தானைத் திருகியபடி வந்து நின்றான்.

"ஏம்ப்பா, பொண்டாட்டியை ஒதுக்கி வெச்சிருக்கியாமே?"

அவன் திடுக்கிட்டான்.

"நானா? நீங்கதானே டாக்டர் சொன்னீங்க? அன்னிக்கி இவளை டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டு, இந்த மாத்திரை முடியிற வரைக்கும் புள்ள உண்டாவக் கூடாது, அது உன் பொறுப்புன்னு?"

"அதுக்குத்தான் எத்தனையோ வழி இருக்கே! கேட்டிருக்கலாமில்ல?"

"பொம்பள டாக்டர்கிட்ட அத்த எப்டி கேக்கறது?"

வேதகிரி கல்பனாவை ஒரு பார்வை பார்த்தான். காதுவரை சிவந்து தலையைக் குனிந்துகொண்டான்.

"வூட்டுக்குள்ள போயி இவ பக்கத்துல படுத்தா, என்னால சும்மா இருக்க முடியாது டாக்டர்."