நெற்றியில் போட்ட அடையாளம்

"நெற்றியில் எழுதச் சொன்னேனா, இல்லையா?"

டாக்டர் பிரதானின் ஆங்கிலம் ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்டது. துறைமுகத்தில் நடந்த வெடிவிபத்தில் அடிபட்டவர்கள் தரையிலும் கிடந்தார்கள்.

"எழுதினேன், சார்," என்றான் மருத்துவ மாணவன் சுந்தரராமன். "தொடையில் இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தியதும், சிவப்புப் பென்சிலால் பெரிதாக 'T' என்று எழுதினேன்."

"எங்கே அது? நெற்றியைப் பார்த்தால்தான் கட்டு இருப்பது எங்களுக்குத் தெரியும், நேரத்தோடு அவிழ்ப்போம் என்று வகுப்பில் தொண்டை கிழியச் சொன்னேனே! இவன் போர்வைக்குள் கட்டோடு விடிய விடியக் கிடந்திருக்கிறான். கால் செத்துவிட்டது, எடுத்துத்தான் ஆக வேண்டும். நீ மறந்ததுதான் என்றால் உன் படிப்பு இன்றோடு சரி."

"சத்தியமாக எழுதினேன், சார்."

மயங்கிக் கிடந்த கூலித் தொழிலாளி வானமாமலையின் தலைமாட்டிலிருந்து அவன் தாய் பேராச்சி எழுந்து வந்தாள். சுந்தரராமனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ரத்தத்த நிறுத்துனது நீங்கதானாமே? நல்லாருப்பிய, சாமி. நானும் சும்மா இருக்கல. புள்ள நெத்தியில செவப்பா ரத்தக் கோடு மாதிரி இருந்துச்சு. முந்தானையால அழுத்தித் தொடச்சிட்டு, சொடலமாடன் துண்ணூறு பூசிவிட்டேன். இனி கால் நல்லாயிரும்லா?"

திருநீறு பூசிய அந்த நெற்றியைச் சுந்தரராமன் பார்த்தான்.

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார் தமிழ் தெரியாத பிரதான்.

"நன்றி சொல்கிறாள், சார்." அவன் பிரதானின் பக்கம் திரும்பினான். "நெற்றியில்... நான்தான் எழுத மறந்துவிட்டேன்."