விரல் பதிந்த மாவு

கூடத்தில் அழுகைச் சத்தம் சற்று ஓய்ந்திருக்கிறது. ரொட்டிக்காரர் அடுப்பறைக்குள் வந்து நிற்கிறார். ஜன்னல் வெயில் விழும் மேடையில் மாவுப் பாத்திரம் இருக்கிறது. அதை மூடிய ஈரத்துணி நடுவில் புடைத்து, இன்னும் மெல்ல எழும்பிக்கொண்டிருக்கிறது. காலையில் அவர் மனைவி பிசைந்துவைத்த மாவு. இரண்டு விரலால் அழுத்திப் பதம் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும்" என்று துணியை மூடியவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவே இல்லை. கூடத்தில் அவள்மேல் போர்த்திய துணி அசையாமல் கிடக்கிறது. மச்சினி நிலைப்படியில் வந்து நிற்கிறாள். "மாமா, அந்த மாவக் கொட்டிரட்டுமா? புளிச்சு நாறிடும்." "வேணாம்மா, இருக்கட்டும்." பதினோரு வருஷமாக மனைவி ஈஸ்ட்டைக் கடையில் வாங்கியதில்லை. தினமும் ஒரு பிடி மாவை எடுத்துவைத்து மறுநாள் மாவில் சேர்ப்பாள். "ரொட்டி மேல பூத்தா பூஞ்சைன்னு முகத்தச் சுளிக்கிறோம். உள்ள இருந்து உப்ப வைக்கிறதும் அதோட பங்காளிதான்" என்று வாங்க வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவர் பாத்திரத்தின் துணியை விலக்குகிறார். புளித்த வாசனை முகத்தில் அடிக்கிறது. மாவு விளிம்புவரை வந்துவிட்டது. மேலே சின்னச் சின்னக் குமிழ்கள் எழுந்து உடைகின்றன. அவள் விரல் பதிந்த இரண்டு குழிகளில் ஒன்றைக் காணோம். மற்றது தொப்புளளவு மிச்சமிருக்கிறது. நாளைக்கென்று ஒரு பிடி எடுக்க நீண்ட கை பாதியில் நின்றுவிடுகிறது. ஓரத்தில் கிள்ளினாலும் முழு மாவும் அமுங்கி, அவள் விரல்தடமும் போய்விடும். "மாமா, வண்டி வந்துருச்சு." "இதோ வரேன்" என்கிறார். நகரவில்லை. அந்தக் குழியையும் மாவு உள்ளிருந்து நிரப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடியே நிற்கிறார்.