பறக்கத் தகுதியில்லை

"இந்த விமானம் இன்னிக்குப் பறக்காது."

டெசாங்கா இப்படிச் சொன்னதும் நகரத் தலைவர் ராடோயேவின் முகம் பீட்ரூட் மாதிரி சிவந்தது.

"பறக்காதா? எனக்குத் தேர்வு வைக்க பெல்கிரேடிலேருந்து ஆள் வந்து நிக்கிறார். இப்ப வந்து சொல்றீங்க?"

வந்து நின்ற ஆள் மிலோராட். விமானி உரிமத்துக்குத் தேர்வு வைப்பவர். கடும் ஜலதோஷம். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி, புல் மைதானத்தில் நின்ற இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தைப் பார்த்தார். பனி ஈரம் போக இறக்கைகளைத் துடைத்து வைத்திருந்தார்கள். முன்கண்ணாடியில் ஒரு பூச்சிகூட ஒட்டியிருக்கவில்லை. கல்யாணப் பெண் மாதிரி பளபளவென்று நின்றது.

"என்ன கோளாறும்மா?" என்று கேட்டார்.

"என்ஜின் சத்தம் சரியில்லை."

அதோடு நிறுத்திக்கொண்டாள். அந்த ஊர் விமான க்ளப்பின் பயிற்சியாளர் அவள்தான். அவள் சரியென்று சொல்லாமல் விமானம் வெளியே போக முடியாது.

தலைவரோ ஊரையே கூட்டி வந்திருந்தார். நகர மன்ற உறுப்பினர்கள், உள்ளூர்ப் பத்திரிகைக்காரர், படம் பிடிக்க ஒருவர். மைதானத்து ஓரத்தில் ஒரு பன்றிக்குட்டி கம்பியில் சுழன்று வெந்துகொண்டிருந்தது. உரிமம் வருவதற்கு முன்பே விருந்து வந்துவிட்டது.

"காலைல நானும் இந்தம்மாவும் சேர்ந்துதான் தயார் பண்ணோம்" என்று தலைவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "பெட்ரோல்ல தண்ணி இருக்கான்னு பாத்தோம். ஆயில் பாத்தோம். ரெண்டு பேரும் உள்ள உக்காந்து என்ஜினைச் சூடு பண்ணோம். ஜம்முன்னு ஓடிச்சு. அப்ப வாயே திறக்கலை இவங்க!"

கூட்டம் 'உச்' கொட்டியது. தலைவர் மிலோராடை ஓரமாக இழுத்துப் போனார்.

"உங்களுக்கு விஷயம் தெரியாது ஐயா. போன மாசம் இவங்க தம்பி குடிச்சுட்டு வண்டி ஓட்டி மாட்டினான். அப்படி மாட்டறவங்க படத்தை நகர மன்ற வாசல்ல பெரிசா ஒட்டறது என்னோட திட்டம். பேப்பர்லகூட வந்துது. அந்தக் காட்டத்தை இங்க காட்டறாங்க. பழி வாங்கறாங்க."

மிலோராடுக்குக் கோபம் வந்தது. சொந்த வீட்டுச் சண்டையை விமானத்தில் காட்டுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. தானே ஏறி உட்கார்ந்து என்ஜினைக் கிளப்பினார். முறுக்கினார், தணித்தார், காது கொடுத்துக் கேட்டார். பூனைக்குட்டி மாதிரி குர்ரென்று ஓடியது. ஒரு குறையும் இல்லை.

இறங்கி நேராக டெசாங்காவிடம் வந்தார்.

"கொஞ்சம் கொட்டகைக்குள்ள வாங்க."

உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்.

"என்ஜின்ல ஒரு கோளாறும் இல்லை."

"இல்லைதான்."

"அப்ப தம்பி படத்தை ஒட்டின கோவமா? வெக்கமா இல்லை உங்களுக்கு? உங்க பயிற்சி உரிமத்தைப் பறிக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதப்போறேன்."

"எழுதுங்க ஐயா." டெசாங்கா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, நிமிர்ந்தாள். "உங்களுக்கு ஜலதோஷம். எனக்கு இல்லை."

"அதுக்கென்ன இப்ப?"

"என்ஜினைச் சூடு பண்றப்ப, கதவைச் சாத்திட்டு அவர் பக்கத்துல தோளோட தோள் இடிச்சு உக்காந்திருந்தேன். பேரிக்காய் ராக்கியா சாராய வாடை அடிச்சுது. நல்ல சரக்குதான். அரை பாட்டிலாவது உள்ள போயிருக்கும்."

மிலோராட் மூக்கைப் பொத்திய கையை இறக்கினார்.

"குடிச்சுட்டா பறக்க வந்திருக்கான்?"

"தைரியத்துக்குக் குடிச்சிருக்கார். மேடையில புலி. மேல போகணும்னா உள்ளுக்குள்ள உதறல். ஊரைக் கூட்டி வேற வச்சுட்டார், பின்வாங்க முடியலை."

"அதை அங்கயே சொல்றதுக்கென்ன? எல்லார் முன்னாடியும் அவன் உங்களைக் கிழிச்சப்ப கல்லு மாதிரி நின்னீங்களே! இருங்க, அந்தப் பத்திரிகைக்காரனைக் கூப்பிடறேன். இவன் படத்தையும் அதே வாசல்ல ஒட்டட்டும்!"

கதவைத் திறக்கப் போனவரை டெசாங்கா வழிமறித்தாள்.

"வேண்டாம் ஐயா. படம் ஒட்டின நாள்லேருந்து என் தம்பி ரொட்டி வாங்கக்கூட வெளிய வரதில்லை. ஜன்னல் திரையைத் திறக்க விடமாட்டேங்கறான். அது எப்படி இருக்கும்னு நான் பாத்துட்டேன். இன்னொரு வீட்டுக்கு வேண்டாம். என்னைத் திட்டினா திட்டிட்டுப் போகட்டும்."

மிலோராட் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். பிறகு வெளியே வந்தார்.

"என்ன ஐயா, நல்லா குடுத்தீங்களா?" என்றார் தலைவர் ஆவலாக.

"அவங்க சொன்னது சரிதான். என் காதுலதான் கோளாறு. இது இன்னிக்குப் பறக்கக் கூடாது. அடுத்த வாரம் வரேன்."

தலைவர் ஒரு நொடி திகைத்தார். ஒரே நொடிதான். சட்டென்று பத்திரிகைக்காரர் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்குங்க. எனக்குக் காலைலயே சந்தேகம். பாதுகாப்பு விஷயத்துல இந்த ராடோயே யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டான்!"

எல்லோரும் கை தட்டினார்கள். எல்லோரையும் சாப்பிடச் சொல்லிவிட்டு, கையை ஆட்டியபடி தலைவர் தன் காரை நோக்கி நடந்தார். கதவைத் திறந்து உட்கார்ந்தார். சாவியைத் துளையில் நுழைக்க முடியாமல் தடவிக்கொண்டிருந்தபோது, டெசாங்கா வந்து ஜன்னலில் குனிந்தாள்.

"அந்தப் பக்கம் நகருங்க, தலைவரே" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். "வண்டியை நான் ஓட்டறேன்."