வாசல் விளக்கின் காவல்

பொங்கல் லீவுக்குக் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பிய ஆவுடையப்பன், ஃபேன், டிவி, மோட்டார் எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்து அணைத்தார். வாசல் விளக்கை மட்டும் எரியவிட்டு வீட்டைப் பூட்டினார்.

விளக்குக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் உச்சிவெயிலிலும் எரிந்துகொண்டு, சுவரில் இருந்த பல்லியிடம் பெருமை பேசியது.

"இப்போ இந்த வீட்டுக்கு நான்தான் காவல். நான் எரியறதைப் பார்த்தா, உள்ளே ஆள் இருக்குன்னு திருடன் ஓடிடுவான்."

"ராத்திரி சரி. வெயில் மண்டையைப் பிளக்குது, இப்போ எதுக்கு எரியறே?" என்றது பல்லி.

"உனக்குப் பொறாமை. எதிர்வீட்டு விளக்கைப் பாரு. விடிஞ்சதும் அணைச்சுட்டாங்க. அதுக்கு இந்த மரியாதை உண்டா?"

பல்லி எரிச்சலில் உச்சுக் கொட்டியது.

"ஆகா, பல்லியே சொல்லிடுச்சு! நான் சொன்னது பலிக்கும்!" என்று விளக்கு பூரித்துப்போனது.

அந்த நேரம் பார்த்து, சாக்குப் பையோடு ஒருவன் தெருவில் வந்தான். எதிர்வீட்டில் அணைந்திருந்த விளக்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். இந்தப் பக்கம் திரும்பியவன் முகம் மலர்ந்தது. ஒரே தாவில் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டினான்.

"பார்த்தியா, விருந்தாளி! என்னைப் பார்த்து, வீட்டுல ஆள் இருக்குன்னு நம்பித்தான் வர்றார்," என்றது விளக்கு.

பல்லி தலையில் அடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில், புடைத்த பையோடு வெளியே வந்தவன் விளக்கை அண்ணாந்து பார்த்தான்.

"பட்டப்பகல்ல இப்படிக் கரண்டை வீணாக்கறாங்களே! பொறுப்பில்லாத ஜனங்க," என்று முணுமுணுத்தபடி, மறுபடி உள்ளே போய் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனான்.