இடத்துக்குப் போட்ட பெயர்

திரையில் செண்பகா என்ற பெயர் நீலமாகத் தெரிந்தது.

ஓர் எழுத்தைத் தட்டினால் போதும். முழுப் பெயரும் போய்விடும்.

அவர் தட்டவில்லை.

காலையில் பத்திரிகை அடிக்கும் தன் கடையைத் திறந்ததும் கணினியில் காதுகுத்துப் பத்திரிகை மாடலை எடுத்தார். மகளின் பெயரை அழித்துவிட்டு அந்த இடத்தில் 'ககககக' என்று நிரப்பினார். பிறகு பிறந்தநாள். பிறகு பூப்புனித நீராட்டு விழா. கல்யாணப் பத்திரிகைக்கு வந்தபோது கை மக்கர் செய்தது.

மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

"நம்ம புள்ள பேரு மேல இன்னொரு புள்ளைக்குப் பத்திரிகை அடிக்காதீங்க. அதுகளுக்கு ஒன்னும் ஆயிரக் கூடாது. எல்லாத்துலயும் எடுத்துருங்க."

செண்பகா காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள். வீட்டுக்குத் துணி மூடி வந்தாள். இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

மனைவி சொன்னது நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மாடல் பத்திரிகை என்றால் அதில் ஏதாவது ஒரு பெயர் இருந்தாக வேண்டும். அப்போதுதான் எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கும், எந்தப் பூ எங்கே இடிக்கும் என்று தெரியும். இங்கிலீஷில் வேலை செய்பவனுக்குக் கவலையே இல்லை. அவனுக்கென்று தயாராக ஒரு லத்தீன் பத்தி இருக்கிறது, உலகம் முழுக்க அதை வைத்தே ஒப்பேற்றுகிறார்கள். தமிழில் அடிப்பவன் வாய்க்கு வந்ததைப் போடுவான். ஒருத்தன் சினிமாப் பாட்டைப் போடுவான். இன்னொருத்தன் முதலாளியைத் திட்டி வைப்பான். இவர் கோவில்பட்டியில் கடை போட்ட வருஷம்தான் மகள் பிறந்தாள். வாய்க்கு வேறு எந்தப் பெயரும் வரவில்லை.

அந்த லத்தீனுக்கு அர்த்தமே கிடையாது என்று நினைத்திருந்தார். செண்பகாதான் ஒருநாள் கடையில் உட்கார்ந்து போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். எப்பவோ ஒருத்தர் வலியைப் பற்றி எழுதியதாம். கண்ட இடத்தில் வெட்டிக் கலைத்து, அர்த்தம் போன பிறகு இடத்தை நிரப்ப வைத்துக்கொண்டார்களாம்.

"நல்லவேளப்பா. என்னைய முழுசா விட்டு வச்சிருக்கீங்க" என்று சிரித்தாள்.

மாப்பிள்ளை இடத்தில் மட்டும் எந்தப் பெயரையும் போட அவருக்கு மனசு வந்ததில்லை. அங்கே வெறும் 'அஅஅஅஅ'. இந்த வாயில்லாப் பூச்சியையா எனக்குப் பார்த்திருக்கிறீர்கள் என்று அதற்கும் ஒரு பாட்டம் சிரித்தாள்.

"அண்ணாச்சி, பத்திரிகை அடிக்கணும்."

சடையப்பன் வந்து நின்றார். பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருப்பவர். கையில் மஞ்சள் பை, முகமெல்லாம் பல்.

"கடைசி மக. பேரு நல்லாப் பெருசாத் தெரியணும்."

நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையைப் பார்த்தார்.

"திருநிறைச்செல்வி செண்பகா... பேரு லட்சணமா இருக்கே. யாரு புள்ள? கல்யாணம் எப்ப?"

அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"யாருமில்ல அண்ணாச்சி. சும்மா இடத்துக்குப் போட்ட பேரு."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. பெற்ற வாயால் சொல்லியாயிற்று. நாக்கு அழுகிப் போகாதா என்று இருந்தது.

செண்பகா போனது சடையப்பனுக்குத் தெரியாது. கட்டிக்கொடுக்க இன்னும் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் திருவளர்ச்செல்வி என்று போடுவார்கள். கடைசிப் பிள்ளை என்றால் திருநிறைச்செல்வி. ஒரே பிள்ளைக்கும் அதுதான்.

"எங்க வீட்லயும் திருநிறைதான். அது அப்படியே இருக்கட்டும். பேர மட்டும் மாத்துங்க, போதும்."

இசக்கிப்ரியா.

அவர் 'இ' தட்டினார்.

செண்பகா இல்லை.

செண்பகாவுக்கு அளந்து வைத்த இடம் அது. புதுப் பெயர் கொஞ்சம் நீளம், ஓரத்துப் பூவில் போய் இடித்தது. எழுத்தைச் சிறிதாக்கி உட்கார வைத்தார். மாப்பிள்ளை பெயர் வந்தது. மண்டபம் வந்தது. முகூர்த்த நேரம் வந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன.

அச்சுக்கு ஒரு நகலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பார்ப்பதற்கு ஒரு தாளில் எடுத்துக் கொடுத்தார். சடையப்பன் மகள் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். மடிப்பு விழாமல் பைக்குள் வைத்தார்.

"வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வந்துரணும், ஆமா."

"வந்துருவோம்" என்றார்.

சடையப்பன் படி இறங்கிப் போனார்.

அவர் மாடலை மூடினார். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கணினி கேட்டது.

எத்தனையோ வருஷமாகக் கேட்கிற கேள்வி. வேண்டாம் என்பதைத்தான் எப்போதும் அழுத்துவார். வந்த பெண் போய்விடுவாள், செண்பகா திரும்ப வந்து அவளுடைய இடத்தில் நிற்பாள். ஊர்ப்பட்ட கல்யாணத்துக்கு இடம் கொடுத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் அப்படி வந்து நின்றவள்.

கை வேண்டாம் பக்கமே போனது. அதை இழுத்துக்கொண்டு வந்தார்.

ஆம்.

பிறகு கடையைப் பாதி சாத்திவிட்டு மேசையில் தலையைச் சாய்த்து அழுதார். தெருவில் யாரோ பூ விற்றுக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனார். மனைவி தட்டு வைத்தாள். சோறு போட்டாள்.

"எடுத்துட்டீங்களா?"

முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டாள்.

"எடுத்துட்டேன்."

குழம்பை ஊற்ற வந்த கரண்டி தட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"எல்லாத்துலயுமா?" என்றாள்.