கடைசிக் கருமந்தி

நெல் விளைவது நின்றுபோனபின் அந்த மலையூரே இலை தின்று பிழைத்தது. இலையைச் செரிக்கவைக்கும் கிருமிகளைக் விலங்குக் காப்பகத்திலிருந்த, இலை தின்னும் குரங்கான ஒரே கருமந்தியின் கழிவிலிருந்து எடுத்து, மாதமொரு மாத்திரையாகக் கொடுத்தார்கள். அதைப் பராமரித்தவள் மரகதவல்லி.

மூன்று நாள் வயிறு வீங்கிக் கிடந்த கருமந்தி அன்று காலை செத்துப்போனது. காப்பக டாக்டர் கதவைச் சாத்தினார்.

"வெளிய மூச்சு விடாதீங்கம்மா. மாத்திரை இந்த மாசத்துக்குத்தான் இருக்கு."

வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணியான மகள் பூங்கொடி இலைக்கூட்டைப் பிசைந்துகொண்டிருந்தாள். மரகதவல்லி தன் மாத்திரையை அவள் டப்பாவில் போட்டாள்.

"உனக்கு எங்கம்மா?"

"நான் அங்கேயே போட்டுக்கிட்டேன்டி."

வெளியே, அக்கம்பக்கத்தார் சிரித்துப் பேசியபடி இலைக்கட்டுகளோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். மரகதவல்லி எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள்.